பயந்தாங்கொள்ளியின் காட்டுக் கணக்கு

ஹைதராபாத்தில் எங்கள் போவன்பள்ளிக் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்காரர் வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் முதல் தடவையாகக் காட்டுக்குள் நடக்கப் போகிறார், அதுவும் வெளிநாட்டுக் காட்டில். கோலாலம்பூரில் இருக்கும் மகள், பகாங் மாநிலத்துத் தாமான் நெகாரா காட்டில் வழிகாட்டியோடு நடக்க அவருக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டாள். "வேண்டாம்னு சொன்னா பேத்தி சிரிப்பா சார்" என்றார். அறிவியல் எழுதுகிறவன் என்பதால் சந்தேகங்களை என்னிடம் கொட்டினார். புலி இருக்காமே? பாம்பு நிறையவா? அட்டை ரத்தத்தை உறிஞ்சிடுமாமே? வழி தப்பிட்டா? இந்த வரிசையில்தான் கேட்டார். கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே வரிசைதான் வரும். ஆபத்தை மனிதர்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பால் ஸ்லோவிக், 1987இல் ‘சயன்ஸ்’ இதழில் இதை விளக்கினார். எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கை நாம் பார்ப்பதில்லை. கோரமானதா, நம் கட்டுப்பாட்டில் இல்லாததா, பழக்கமில்லாததா என்று பார்க்கிறோம். மூன்றும் சேர்ந்தால் அச்சம் எகிறும். புலியிடம் மூன்றும் இருக்கின்றன. கொசுவிடம் ஒன்றும் இல்லை. போவன்பள்ளியில் சாயங்காலம் ஆனால் கொசு வரும், கையில் கொசு மட்டையை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்போம். அதற்கு யார் பயப்படுவார்கள்?

புலியை முதலில் முடித்துவிடலாம். தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மழைக்காடு. பகாங், கிளந்தான், திரெங்கானு என்று மூன்று மாநிலங்களில் விரிந்து கிடக்கிறது. 1930களின் இறுதியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, விடுதலைக்குப் பிறகு இன்றைய பெயரைப் பெற்றது. புலிகள் உண்டு. ஆனால் 2016 முதல் 2020 வரை மலேசியா நடத்திய முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, தீபகற்பம் முழுவதிலுமே எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. அங்கே வேலை பார்க்கிற ஆராய்ச்சியாளர்களே தானியங்கிக் கேமரா வைத்துத்தான் புலியைப் பார்க்கிறார்கள். அவருக்குப் புலி தெரிய வேண்டுமானால் ஹைதராபாத் நேரு உயிரியல் பூங்காவுக்குப் போவதுதான் வழி.

பாம்புக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். வயலிலும் வீட்டைச் சுற்றியும் கடிபட்டவர்கள். உலகத்தில் பாம்புக்கடிச் சாவு மிக அதிகமாக நடக்கும் நாடு நம்முடையது. பாம்புக்குப் பயப்படுகிற இந்தியர், வழிகாட்டியோடு மூடிய காலணி போட்டுக்கொண்டு வெளிநாட்டுக் காட்டில் நடந்தால் அவருடைய பயத்துக்குக் காரணம் கூடிவிடுவதில்லை.

ஆனாலும் பயம் வரும், கணக்கைக் கேட்டு அது அடங்காது. காட்டுப் பாதையில் ஒரு வேர் வளைந்து கிடக்கும். அது வேர்தான் என்று புரிவதற்கு முன்பே கால் நின்றுவிடும், நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும். கண்ணில் இருந்து வரும் செய்தி மூளையில் ஒரே வழியாகப் போவதில்லை என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். விவரமாகப் பார்த்துப் பெயர் சொல்லும் புறணிக்கு ஒரு வழி. தாலமஸ் என்ற உட்பகுதி வழியாக, அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவுக்குப் போகும் குறுக்குவழி இன்னொன்று. குறுக்குவழியில் போவது மங்கலான படம்தான், ஆனால் சீக்கிரம் போய்ச் சேரும். நரம்பியலாளர் ஜோசஃப் லெடூ எலிகளில் இத்தகைய இரட்டைப் பாதையை விவரித்தவர். 2013இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆய்வாளர்கள், பாம்பையே பார்த்தறியாத மக்காக் குரங்குகளின் தாலமஸில் மின்முனை வைத்துச் சோதித்தார்கள். முகம், கை, வடிவம் ஆகியவற்றின் படங்களைவிடப் பாம்புப் படத்துக்கு அங்கிருந்த நரம்பணுக்கள் வேகமாகவும் வலுவாகவும் துடித்தன. குரங்கினத்தின் கண்ணும் மூளையும் கூர்மையடைந்ததற்கே பாம்பு ஒரு முக்கியக் காரணம் என்று அந்தக் குழுவில் இருந்த லின் இஸ்பெல் 2006 முதலே வாதாடி வருகிறார். முழுக் கதையையும் பாம்பின் தலையில் கட்டுவது எனக்குச் சற்று அதிகமாகப் படுகிறது. ஆனால் வேரைப் பார்த்து நிற்கிற கால் கோழைத்தனத்தால் நிற்கவில்லை என்பது மட்டும் உறுதி. வேரைப் பாம்பு என்று நினைத்தால் நஷ்டம் ஒரு நொடி. பாம்பை வேர் என்று நினைத்தவர்களின் வம்சம் அவ்வளவாகத் தழைக்கவில்லை.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பதற்றம் அணையாமல் மணிக்கணக்கில் எரியும்போது. பயந்தவனின் கவனம் குறுகிப்போகும் என்பது உளவியலில் பழைய முடிவு. எதற்குப் பயப்படுகிறோமோ அதைத் தேடியே கண் அலையும், மற்றதெல்லாம் மங்கும். புதரில் புலியைத் தேடிக்கொண்டே நடப்பவர் காலடியில் இருக்கும் வழுக்குப் பாறையைப் பார்க்க மாட்டார். காட்டு நடையில் சாதாரணமாக நடப்பது வழுக்கி விழுவதும் கணுக்கால் பிசகுவதும்தான். கீழே விழப்போகிறவர் கையில் கிடைத்ததைப் பிடிப்பார், அது முள்பிரம்பாக இருக்கும். மலாயாக் காட்டுப் பிரம்பின் கொடிநுனி முழுக்கப் பின்னோக்கி வளைந்த கொக்கிமுள். சட்டையில் மாட்டினால் இழுக்கக் கூடாது, ஓரடி பின்னால் வந்து எடுக்க வேண்டும்.

நல்ல வழிகாட்டி இங்கேதான் பயன்படுகிறார். அவர் கையில் துப்பாக்கி இருக்காது. நம் கவனத்தை அவர் எடுத்து வேறு இடத்தில் வைப்பார். இந்த மரத்தின் பலகைவேரைத் தட்டிப் பாருங்கள், இந்த எறும்பின் அளவைப் பாருங்கள், விழுந்து கிடக்கும் கட்டையைத் தாண்டிக் குதிக்காதீர்கள், மேலே கால் வைத்து அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள் என்பார். ஒவ்வொன்றும் கண்ணுக்கு ஒரு வேலை. மிரட்டுகிற பொருளின் அருகில் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்ற அனுபவம் திரும்பத் திரும்பக் கிடைக்கும்போது மூளை புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. பழைய பயம் அழிவதில்லை, அதன் மேல் புதிய பாடம் படிகிறது. மனநல மருத்துவர்கள் அச்ச நோய்களுக்குக் கொடுக்கும் சிகிச்சையும் இதே அடிப்படையில்தான். இரவு நடையில் புற ஊதா விளக்கை அடித்துக் கரிய நட்டுவாக்காலியைப் பச்சைநீல நிறத்தில் ஒளிரவைத்துக் காட்டுவார்கள். அதன் மேல்தோட்டில் இருக்கும் வேதிப்பொருள்களால் வரும் ஒளி அது. அதனால் அதற்கு என்ன பயன் என்பதில் அறிவியலாளர்கள் இன்னும் ஒருமுகமாக இல்லை. நட்டுவாக்காலி என்ற பேச்சைக் கேட்டாலே நடுங்குகிறவர்கள்கூட அங்கே இன்னொன்றைத் தேடி நிற்பார்கள்.

வழி தப்புவது மட்டும் நியாயமான பயம். 2009இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த யான் சோமன் குழுவினர் ஆட்களைக் காட்டில் விட்டு நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்தவரை நேராக நடந்தார்கள். மேகம் மூடியதும் வட்டம் போட ஆரம்பித்து, வந்த வழியையே குறுக்கே கடந்தார்கள். அதை அவர்கள் உணரவும் இல்லை. மழைக்காட்டில் விதானம் எப்போதுமே வானத்தை மூடியிருக்கும். ஆகவே சிறுநீர் கழிக்க ஒதுங்கினாலும் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு ஒதுங்குவது உத்தமம்.

அட்டையிடம் வருவோம். வால்பாறைத் தேயிலைக்காட்டிலோ மலாயா ரப்பர்த் தோட்டத்திலோ பாட்டன் பாட்டி வேலை பார்த்த வீடுகளில் அட்டைக் கதை இல்லாமல் இருக்காது. புகையிலைத் தண்ணீர், சுண்ணாம்பு, சவக்காரம் என்று காலில் பூசிக்கொண்டு போன கதைகள். நிலத்தில் வாழும் இந்த அட்டைகள் ‘ஹீமாடிப்சா’ இனத்தவை. மண்ணதிர்வு, உடம்புச் சூடு, மூச்சில் வரும் கரியமில வாயு ஆகியவற்றை வைத்து ஆளை மோப்பம் பிடிக்கும். கடி வலிக்காது. கடித்த பிறகு ரத்தம் நிற்காமல் கசிவதுதான் பீதியைக் கிளப்பும். அது, ரத்தத்தை உறையவிடாத பொருளை அட்டை உமிழ்நீரோடு செலுத்துவதன் விளைவு, பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானே நின்றுவிடும். மருத்துவ அட்டையின் இதே சரக்கை ஜான் ஹேக்ராஃப்ட் 1884இல் கண்டறிந்தார், பின்னால் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. அதன் வழிவந்த மருந்துகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. உப்போ தீயோ வைத்துப் பிடுங்குவதைவிட நகத்தால் ஓரமாக நெம்பி வழித்துவிடுவது நல்லது. கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

மரத்தில் இருந்து அட்டை குதிக்குமா என்ற நூற்றாண்டுச் சண்டைக்கு 2024இல் ஒரு விடை கிடைத்தது. மடகாஸ்கரில் ஓர் அட்டை இலையில் இருந்து உடம்பைப் பின்னால் வளைத்துத் தாவுவதை ஆய்வாளர்கள் படம் பிடித்து வெளியிட்டார்கள். அது வேறு இனம். மலேசிய அட்டைகளும் தாவும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இன்னொரு செய்தி எனக்கு இதைவிடப் பிடித்தது. குடித்த ரத்தத்தை அட்டை மாதக்கணக்கில் வைத்திருக்கும், அதில் இருக்கும் மரபணுவைப் படிக்கவும் முடியும். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் வியட்நாம் காட்டில் பிடித்த 25 அட்டைகளைச் சோதித்தார்கள். 21 அட்டைகளில் பாலூட்டிகளின் மரபணு இருந்தது. அவற்றில் அண்மைக் காலத்தில்தான் அறிவியலுக்குத் தெரியவந்த ஒரு மானும், வரிகள் கொண்ட அபூர்வ முயலும் அடக்கம். கேமராக்கள் காணத் திணறும் விலங்குகளை அட்டையின் வயிறு காட்டிக்கொடுக்கிறது. மனிதருக்கு நோய் பரப்புவதாக நில அட்டைமேல் நிரூபணமான குற்றச்சாட்டு கிடையாது. அட்டைக் காலுறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டால் இந்த அத்தியாயம் முடிந்தது.

கொசுவைத் தவிர நண்பர் கேட்காத இரண்டு விஷயங்களில் ஒன்று வெயில். "நாங்க ஹைதராபாத் மே மாசத்தையே பாத்தவங்க" என்று தெம்பாக இருந்தார். அந்தத் தெம்பு அங்கே செல்லுபடியாகாது. வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை, ஆவியானால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துப் போகும். ஹைதராபாத்தின் 41 டிகிரியில் காற்று வறண்டிருப்பதால் அது நடக்கிறது. மழைக்காட்டில் வெப்பமானி 31ஐத்தான் காட்டும், ஆனால் காற்று ஈரத்தால் நிரம்பிவிட்டது, வியர்வை சொட்டி வீணாகிறது. உள்ளே சூடு ஏறும், உப்பும் நீரும் இறங்கும். புதிய சூட்டுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். ஆகவே முதல் நாள் புக்கிட் தெரெசெக் மேட்டை வேகமாக ஏறிக் காட்ட வேண்டாம். உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் நம்மூர் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது.

இன்னொன்று தண்ணீர். 2000இல் மலேசியாவின் சபா மாநிலத்தில் ஒரு சர்வதேசக் காட்டுச் சாகசப் போட்டி நடந்தது. 26 நாடுகளில் இருந்து 304 வீரர்கள். போட்டி முடிந்து ஊர் திரும்பியவர்களுக்குக் காய்ச்சல் வரத் தொடங்கியது. விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சல் அறிகுறிகள் இருந்தன. மழையில் பெருகிய ஆற்றில் நீந்தியது முக்கியக் காரணமாகத் தெரிந்தது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீரில் இருக்கும் கிருமி சிராய்ப்புக் காயம் வழியே உள்ளே போகும். காலில் காயம் இருந்தால் ஆற்றில் இறங்குவதைத் தவிருங்கள், ஆற்று நீரைக் குடிக்காதீர்கள்.

இப்போது கொசு. போவன்பள்ளிக்காரர்களுக்குக் கொசுவைப் பற்றி வேறு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சில கிலோமீட்டர் தள்ளி, பேகம்பேட்டையில், பழைய விமான நிலையத்தின் பக்கத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. செகந்திராபாத் ராணுவக் குடியிருப்பில் மதராஸ் காலாட்படையின் மருத்துவராக இருந்த ரொனால்டு ராஸ் வேலை செய்த இடம் அது. மலேரியாவைக் கொசு பரப்பலாம் என்று லண்டனில் பாட்ரிக் மான்சன் அவருக்குச் சொல்லியிருந்தார். இரண்டு ஆண்டுகள் ராஸ் தப்பான கொசுக்களையே அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விசிறி போட்டால் கொசு பறந்துவிடும் என்பதால் புழுக்கத்திலேயே உட்கார்ந்தார். வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. 1897 ஆகஸ்டில் இறக்கையில் புள்ளியுள்ள ஒரு கொசு வகை கிடைத்தது. அது அனாஃபெலிஸ். ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியை அந்தக் கொசுக்களிடம் கடிபட வைத்தார். ஒரு கொசுவுக்குக் கூலி ஓரணா. ஆகஸ்ட் 20 அன்று அறுத்த கொசுவின் வயிற்றுச் சுவரில் கரும்புள்ளிகள் கொண்ட உயிரணுக்களைக் கண்டார். மறுநாள் அறுத்ததில் அவை இன்னும் பெரிதாகியிருந்தன. 1902இல் நோபல் பரிசு. உலகக் கொசு நாள் இன்றும் அந்த ஆகஸ்ட் 20தான்.

அங்கே தொடங்கிய கதை நேராகப் பகாங் காட்டுக்கே போகிறது. 1930களின் தொடக்கத்தில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்கு, சிங்கப்பூரில் இருந்து இறக்குமதியான ஒரு நீள்வால் குரங்கு வந்தது. அதன் ரத்தத்தில் புதியதொரு மலேரியா ஒட்டுண்ணி தெரிந்தது. ராபர்ட் நோல்ஸும் தாஸ் குப்தாவும் 1932இல் அந்தக் குரங்கு ஒட்டுண்ணியை ரத்தம் வழியாக மனிதருக்கு ஏற்ற முடியும் என்று காட்டினார்கள். அதற்கு நோல்ஸின் பெயரே நிலைத்தது: பிளாஸ்மோடியம் நோலெசி. அது ஆய்வகத்தில் நடந்தது, இயற்கையில் நடக்குமா என்ற கேள்வி முப்பது ஆண்டுக்கு மேல் கிடந்தது. 1965இல் விடை வந்தது. அமெரிக்க ராணுவத்துக்காக நில அளவை செய்த ஒருவர் பகாங் காட்டில் தங்கியிருந்தார். இரவில் வேலை, பகலில் உறக்கம். ஊர் திரும்பும்போது காய்ச்சல். நுண்ணோக்கியில் பார்த்தபோது பிளாஸ்மோடியம் மலேரியே என்ற சாதுவான வகை என்று தோன்றியது. அவருடைய ரத்தத்தைக் குரங்குக்குச் செலுத்திப் பார்த்தபோதுதான் அது நோலெசி என்பது தெரிந்தது.

ஏதோ ஒருவருக்கு வந்த அபூர்வம் என்று அதை விட்டுவிட்டார்கள். 2004இல் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழுவினர் சரவாக் மாநிலத்தின் காப்பிட் பகுதியில் 208 மலேரியா நோயாளிகளின் ரத்தத்தை மரபணு முறையில் சோதித்தார்கள். 120 பேருக்கு நோலெசி. மலேசியாவில் இன்று மனிதரிடம் இருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா 2018 முதல் பூஜ்யம். பெரிய சாதனை அது. ஆனால் குரங்கிடம் இருந்து வரும் நோலெசி மட்டும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் பிடிக்கிறது, சிலர் இறக்கிறார்கள். சபாவிலும் சரவாக்கிலும்தான் மிக அதிகம். பகாங்கில் யார் பரப்புகிறார்கள் என்று இந்திரா வைத்திலிங்கமும் அவருடைய சகாக்களும் தேடி, 2008இல் கோலா லிப்பிஸ் பகுதியில் அனாஃபெலிஸ் கிராசென்ஸ் என்ற கொசுவைக் காட்டினார்கள். வீட்டுக்குள் அதிகம் வராத காட்டுக் கொசு. இருட்டிய பிறகான முதல் சில மணி நேரத்தில் வெளியில் சுறுசுறுப்பாகக் கடிக்கும். அதாவது, நட்டுவாக்காலி பார்க்கப் போகிற அதே நேரம்.

வழிகாட்டியோடு ஓரிரு இரவு காட்டில் இருந்துவிட்டு வருகிற பயணிக்கு நோலெசி வரும் வாய்ப்பு குறைவுதான். தோட்டத்திலும் மரம் வெட்டும் காட்டிலும் வேலை செய்பவர்களே பெரும்பாலும் சிக்குகிறார்கள். ஆனாலும் புலியைவிட, பாம்பைவிட இதற்கே அவர் பெட்டியில் இடம் ஒதுக்க வேண்டும். முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, டீட் அல்லது பிக்காரிடின் உள்ள கொசு விரட்டி போதும். வியர்வை கரைத்துவிடும், ஆகவே இருட்டுவதற்கு முன் மறுபடி பூச வேண்டும். காட்டில் படுத்தால் வலை வேண்டும். மாத்திரை வேண்டுமா என்பதைப் போகிற இடத்தின் பெயரைச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும். பகலில் கடிக்கும் டெங்குக் கொசுவுக்கும் இதே தற்காப்புதான்.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்போ புலி கிடையாதுன்னு சொல்றீங்க" என்றார். கேட்டதை மட்டும் கேட்டுக்கொண்டார். அதனால் உங்களிடம் இன்னொன்று.

மற்ற மனித மலேரியாக்கள் ரத்தத்தில் இரண்டு அல்லது மூன்று நாளைக்கு ஒருமுறை பெருகும். நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், அதனால் ஒரு நாள் தாமதம்கூடப் பெரிது. கடித்து ஒன்றிரண்டு வாரத்தில், அதாவது ஊர் திரும்பிப் படத்தையெல்லாம் அனுப்பி முடித்த பிறகு காய்ச்சல் வரும். நம்மூர் ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்ப்பவர் அதை வேறு வகை என்று எழுதிவிட வாய்ப்புண்டு, அல்லது மலேரியா என்ற எண்ணமே யாருக்கும் வராமல் வைரஸ் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்து அனுப்பலாம். சரியாகக் கண்டுபிடித்தால் வழக்கமான மலேரியா மருந்துகளே இதைக் குணப்படுத்தும். ஆகவே தென்கிழக்காசியக் காட்டில் நடந்துவிட்டு வந்த எவருக்காவது சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். "மலேசியாவில், குரங்குகள் இருக்கிற காட்டில் ராத்திரி இருந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்" என்று, அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள்.